வெந்தய வாடை

எங்கள் ஆயாவுக்கு மூக்குதான் லேப். பிள்ளையின் துணியை ஒருதரம் முகர்ந்தால் போதும், மாந்தமா, சளியா, சூடா என்று சொல்லிவிடுவாள். 1981ஆம் வருஷம் ஐப்பசி மழை. கம்மாபுரத்து வீட்டுத் திண்ணையில் கட்டிய கொடியில் துணி காயாமல் தொங்கியது. அக்காவுக்கு முதல் பெண் பிறந்து ஐந்து நாள். ஈரத்துணி ஒன்றை எடுத்து முகர்ந்த ஆயா, "பச்ச ஒடம்புக்காரி வெந்தயக் களி தின்றா இல்ல, அதான் புள்ள மேலயும் அதே வாடை" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பால் ஊற வெந்தயம் கொடுக்காத வீடு எங்கள் பக்கத்தில் உண்டா?

பிறக்கும்போது பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. ஓங்கி அழுதது, மூன்று நாள் வயிறு முட்டப் பால் குடித்தது. நாலாம் நாள் காம்பைப் பிடித்துவிட்டு அப்படியே விட்டது. ஆறாம் நாள் உடம்பை வில்லாக வளைத்தது. கொஞ்ச நேரத்தில் நனைந்த துணி மாதிரி தொய்ந்தது. மாந்தம் என்று உரை மருந்து கொடுத்தார்கள். பட்சி தோஷம் என்று ஒருவர் மந்திரித்துக் கயிறு கட்டினார். ஒன்பதாம் நாள் விடியலில் போய்விட்டது.

1983இல் ஒரு பையன். அதே கணக்கு. மூன்று நாள் பால், நாலாம் நாள் மறுப்பு. இந்தத் தடவை பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சீட்டில் ரத்தத்தில் கிருமி என்று எழுதினார்கள், ஊசி போட்டார்கள். பத்தாம் நாள் அவனையும் அக்காவின் முதல் பெண்ணுக்குப் பக்கத்திலேயே புதைத்தோம். மூன்றாவதாகப் பிறந்த பையன் தங்கினான். அவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

அக்கா கட்டிக்கொண்டது எங்கள் தாய்மாமனை. அம்மாவின் கடைசித் தம்பி.

நான் பிறகு லேப் டெக்னீஷியன் வேலைக்குப் போனேன். ஆரம்ப சுகாதார நிலையத்து லேப் என்றால் அந்தக் காலத்தில் ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு ஸ்டாண்டில் பத்து டெஸ்ட் டியூப், அவ்வளவுதான். தினமும் செய்த வேலை பெனடிக்ட் டெஸ்ட். நீலத் திரவம் ஐந்து மில்லி, சிறுநீர் எட்டுச் சொட்டு, இரண்டு நிமிஷம் கொதி. நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். நிறத்தைப் பார்த்து நோயைச் சொல்வது என்பது எங்கள் தொழிலின் ஆதி வித்தை. நம் சித்த வைத்தியத்தில் அதற்கு நீர்க்குறி, நெய்க்குறி என்று பெயர்; தேரையர் பெயரால் வழங்கும் முறை. விடியற்காலைச் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால், பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக வளைந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம். அது சரியா தவறா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. உடம்புக்குள் நடப்பதை வெளியே வந்த நீரில் படிக்கலாம் என்ற நினைப்பு நமக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த நினைப்பைப் பரம்பரையோடு முடிச்சுப் போட்டவர் லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட். சில குழந்தைகளின் சிறுநீர் காற்றுப் பட்டதும் கறுத்துப்போகும்; துணியில் கறை விழும். அது ஒட்டிக்கொண்ட நோய் இல்லை, பிறவியிலேயே உடம்பின் ரசாயனத்தில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது என்று அவர் 1902இல் எழுதினார். அந்தக் குடும்பங்களில் பெற்றோர் பலர் உறவுக்குள் கட்டியவர்கள் என்பதையும் அவர்தான் கவனித்தார்.

இங்கே ஒரு விஷயம். ஆங்கிலத்தில் அத்தை மகன், மாமன் மகன், சித்தப்பா மகன், பெரியம்மா மகன் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். நமக்கு அத்தை மகள் முறைப்பெண், சித்தப்பா மகள் தங்கச்சி. மாறிப் பேசினால் வெட்டுக்குத்து. மரபணுவுக்கோ இரண்டும் ஒரே தூரம். தாத்தா பாட்டியிடமிருந்து வந்த ஒரே மரபணுவின் இரண்டு பிரதி ஒரு பிள்ளைக்குச் சேர்வதற்கு, அத்தை மகளைக் கட்டினாலும் பதினாறில் ஒன்று, சித்தப்பா மகளைக் கட்டினாலும் பதினாறில் ஒன்று. அக்கா மகளைக் கட்டினால் எட்டில் ஒன்று. முறை நாம் போட்ட கணக்கு. மரபணு அந்தக் கணக்கைப் படித்ததில்லை.

1934இல் நார்வேயில் போர்க்னி எகெலாண்ட் என்ற தாய் தன் இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வைத்தியர் வைத்தியராக அலைந்தார். லிவ், டாக் என்று பெயர். இருவருக்கும் மூளை வளர்ச்சி இல்லை, உடம்பில் ஒரு வாடை. பிள்ளைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார் அஸ்பியர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர். வழக்கமாக வரும் நிறம் வரவில்லை, கரும்பச்சை வந்தது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற நோய் அப்படித்தான் பிடிபட்டது.   

ஃபோலிங் கண்டுபிடித்தது நோயை. பிள்ளைகளைக் காப்பாற்ற வழி பிறகுதான் வந்தது: ஃபீனைல் அலனின் என்ற அமினோ அமிலம் குறைந்த பாலும் உணவும். ஆனால் மூளை கெடுவதற்கு முன்னால் தொடங்க வேண்டும். அறிகுறி தெரிந்து தொடங்கினால் போன மூளை போனதுதான். அப்படியானால் அறிகுறியே இல்லாத பச்சைக் குழந்தைகள் எல்லோரையும் பார்த்தாக வேண்டும். எப்படிப் பார்ப்பது?

அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ராபர்ட் கத்ரி கண்டுபிடித்த வழி, ஒரு லேப்காரன் கேட்டால் கைதட்டுகிற வழி. அவருடைய மகனுக்கும் மனவளர்ச்சிக் குறை இருந்தது. உறவில் ஒரு பெண் குழந்தைக்கு ஃபீனைல்கீட்டோனூரியா என்று காலம் கடந்து தெரிந்தது. குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைத் தடித்த வடிதாளில் ஊறவைத்தார். காய்ந்த பொட்டிலிருந்து ஒரு சிறு வட்டத்தைத் துளைத்தெடுத்து, பாக்டீரியா கலந்த ஜெல்லியின் மேல் வைத்தார். அந்த ஜெல்லியில் பாக்டீரியா வளராமல் தடுக்கிற மருந்து ஒன்றும் இருக்கும். ரத்தத்தில் ஃபீனைல் அலனின் அதிகமாக இருந்தால் மட்டும் அந்தத் தடை உடையும்; பொட்டைச் சுற்றிப் பாக்டீரியா ஒரு வெள்ளை வளையமாக வளரும். வளையம் உண்டா இல்லையா, அவ்வளவுதான் விடை. பெரிய மெஷின் வேண்டாம். 1960களின் தொடக்கத்தில் 29 மாநிலங்களில் 4 லட்சம் குழந்தைகளைப் பார்த்து 39 பேரைப் பிடித்தார்கள். அறிகுறி வருவதற்கு முன்பே. இந்த வேலையில் கத்ரி தனக்கென்று காசு பார்க்கவில்லை.

என் கணிப்பில் கத்ரியின் பெரிய சாதனை பாக்டீரியா அல்ல, அந்தத் தாள். ரத்தத்தைத் தபாலில் அனுப்பலாம் என்று காட்டினாரே, அதுதான். 1970களில் கனடாவின் கியூபெக்கில் ஜான் டுசோ அதே பொட்டில் தைராய்டு குறைவைப் பார்த்தார். 1990களில் டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்தது. ஒரே பொட்டில் சில நிமிஷங்களில் முப்பது, நாற்பது நோய்கள். இன்று அதே பொட்டிலிருந்து டிஎன்ஏ எடுத்து, எந்த மரபணுவில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்றும் படிக்கிறார்கள். ரசாயனம் "இங்கே கோளாறு" என்று சொல்லும். மரபணு "இந்த இடத்தில்" என்று சொல்லும். இரண்டாவது தெரிந்தால்தான் அடுத்த கர்ப்பத்தில் பத்துப் பன்னிரண்டு வாரத்திலேயே பார்க்க முடியும்.

இனி அக்கா வீட்டு வாடைக்கு வருகிறேன். 2000க்குப் பிறகு ஒரு பயிற்சி வகுப்பில், பிறவி வளர்சிதைக் கோளாறுகளைப் பற்றிப் பேசிய மருத்துவர் ஒரு நோயைச் சொன்னார். 1954இல் ஜான் மெங்கிஸ் என்ற மருத்துவர் விவரித்தது. ஒரே குடும்பத்தில் நான்கு பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்திருக்கிறார்கள். எல்லோருடைய சிறுநீரிலும் ஒரே வாடை. மேப்பிள் மரத்துப் பாகின் வாடை என்று அவர்கள் பெயர் வைத்தார்கள். லூசின் முதலான மூன்று அமினோ அமிலங்களை உடைக்க வேண்டிய என்சைம் இல்லாததால், தாய்ப்பாலில் உள்ள புரதமே விஷமாகச் சேரும். வயிற்றில் இருக்கும்வரை தாயின் உடம்பு அதைச் சுத்தம் செய்கிறது. தொப்புள்கொடி அறுந்து, பால் குடிக்கத் தொடங்கி, மூன்று நாலு நாளில் ஏறும். பால் மறுக்கும், உடம்பு விறைக்கும், தொய்யும். பலமுறை கிருமித் தொற்று என்று தவறாக நினைக்கப்படும்.

எனக்கு முதுகு சில்லிட்டது. மேப்பிள் மரத்தை நான் பார்த்ததில்லை, எங்கள் ஆயாவும் பார்த்ததில்லை. வகுப்பு முடிந்து போய், அந்த வாடை எப்படி இருக்கும் என்று கேட்டேன். "எரிந்த சர்க்கரை மாதிரி. வெந்தயம் மாதிரியும் சொல்லலாம்" என்றார். அந்த வாடையைத் தரும் பொருளும் வெந்தயத்தின் வாடையைத் தரும் பொருளும் ஒன்றே. சோட்டோலோன் என்று பெயர். வெந்தயம் சாப்பிட்ட தாயின் குழந்தைக்கு நோய் இல்லாமலேயே அந்த வாடை வந்து மருத்துவர்கள் ஏமாந்ததும் உண்டாம்.

ஆயா தவறாகச் சொல்லவில்லை. வாடையைச் சரியாகத்தான் பிடித்தாள். நம் ஊரில் பிள்ளை பெற்ற ஒவ்வொரு வீட்டிலும் அந்த வாடைக்கு ஒரு நியாயமான காரணம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. கனடாவிலும் அமெரிக்காவிலும் தனித்துத் தெரிந்தது இங்கே களிச்சட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அக்காவின் இரண்டு பிள்ளைகளுக்கும் இந்த நோய்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு பொட்டு ரத்தம்கூட எடுத்து வைக்கவில்லையே.

இந்தியாவில் இந்த வேலை தொடங்காமலும் இல்லை. அக்காவின் பெண் பிறப்பதற்கு ஓராண்டு முன்னால், 1980இல், பெங்களூரில் தொடங்கியது. இந்திய அறிவியல் கழகத்தின் அப்பாஜி ராவ், ராதா ரமாதேவி முதலியோர் கர்நாடகத்து மருத்துவமனைகளிலிருந்து வடிதாள் பொட்டுகள் வாங்கி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அமினோ அமிலக் கோளாறு பார்த்தார்கள். பெற்றோர் எந்த உறவில் கட்டியவர்கள் என்பதையும் குறித்துக்கொண்டார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு ஜோடி உறவுக்குள். 2007க்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத்தில் ஒரு லட்சத்து நாலாயிரம் குழந்தைகளைப் பார்த்தது. நாட்டுச் சராசரியில் 1,130 பிள்ளைக்கு ஒன்றுக்குப் பிறவித் தைராய்டு குறைவு. சென்னையில் 727க்கு ஒன்று. அட்ரீனல் சுரப்பிக் கோளாறிலும் சென்னைதான் முன்னால். தைராய்டு மாத்திரையின் விலை ஒரு டீ விலைகூட இல்லை. இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலப் பள்ளிக்கூடம் போகும்.

கோவா 2008இல் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று தொடங்கியது. கேரளம் அரசு மருத்துவமனைகளில் செய்கிறது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் என்று நாடு தழுவிய திட்டம் இன்றும் இல்லை. காசு இருக்கிறவர்கள் தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டு எடுத்துக்கொள்கிறார்கள்.

மாமன் கல்யாணத்தைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 28 சதவீதம் பேர் உறவுக்குள் கட்டியவர்கள். நாட்டிலேயே நாம்தான் முதல். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் மாமன், அக்கா மகள் கல்யாணத்தைத் தடைப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் நாங்கள் எல்லோரும் வந்தோம்.

ஏன் கட்டினார்கள்? ஆயாவிடம் கேட்டால் ஒரே பதில்: "அசல்ல குடுத்தா நெலம் போயிடும்." சீர் வெளியே போகாது, மாமியார் கொடுமை இருக்காது, அக்கா பெற்ற மகளைத் தம்பி கைவிட மாட்டான். எல்லாம் உண்மையான காரணங்கள், அவளுக்கு நன்மையாகவே பட்ட காரணங்கள். அப்படிக் காப்பாற்றிய மாமாவின் நிலம் பின்னால் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்காக எடுக்கப்பட்டது. ஆயாவின் கணக்கில் அடித்தளமாக இருந்த அந்த மூன்று காணி இப்போது ஒரு பள்ளம். நிலம் போன பிறகும் எங்கள் தெருவில் அக்கா மகளைக் கட்டினார்கள். காரணம் போனாலும் பழக்கம் தங்கும்போல.

ஆனால் மாமன் கல்யாணத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நகர்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஹைதராபாத் மரபணு ஆய்வாளர் தங்கராஜும் அமெரிக்காவின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில் தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட சமூகங்களைப் பார்த்தார்கள். அவற்றில் 81 சமூகங்கள், பரம்பரை நோய்களுக்குப் பேர்போன பின்லாந்துக்காரர்களைவிடவும் நெருங்கிய வட்டத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்தவை. உதாரணமாக, வைசிய சமூகத்தில் ஒரு என்சைம் குறைவு பரவலாக உண்டு. ஆபரேஷனில் தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்தால் மூச்சு திரும்ப நேரமாகும் என்று மயக்க மருத்துவர்களுக்குத் தெரியும். "நாங்கள் சொந்தத்தில் கட்டுவதில்லை, அசலில்தான் கட்டுகிறோம்" என்று பெருமையாகச் சொல்பவரின் அசல், பெரும்பாலும் அதே சாதிதான். மாமனைத் தவிர்த்தவர், ஆயிரம் வருஷத்து மாமன்களின் பேத்தியைக் கட்டுகிறார்.

வழக்கம் மாறும்போது மாறட்டும். குதிகால் குத்துக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. செய்முறை இவ்வளவுதான்: பிறந்து 48 மணி நேரம் ஆகட்டும், பால் உள்ளே போயிருக்க வேண்டும். குதிகாலை வெதுவெதுப்பான துணியில் கொஞ்சம் சுற்றி வைத்தால் ரத்தம் வரும். நடுக் குதிகாலில் குத்தக் கூடாது, எலும்பு இருக்கிறது. ஓரத்தில் குத்த வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, இரண்டாம் சொட்டு தானாகத் திரண்டு வரும்வரை பொறுத்து, தாளை மெல்லத் தொடவிட வேண்டும். வட்டம் பின்பக்கம்வரை ஊற வேண்டும். ஒரு சொட்டின் மேல் இன்னொரு சொட்டு கூடாது. விரல் படக் கூடாது. வெயிலில் வைக்காமல் படுக்கைவாட்டில் மூன்று நாலு மணி நேரம் நிழலில் காய வேண்டும். எங்கள் ஊர்ச் சித்திரை வெக்கையில் மூடிய தபால் பையில் நாள் கணக்கில் கிடந்தால் சில சோதனைகள் கெட்டுப்போகும். முழுக் கஷ்டமும் அந்த இடத்தில்தான். பத்தாம் நாள் சாகிற நோய்க்குப் பதினைந்தாம் நாள் வருகிற ரிப்போர்ட் எதற்கு?

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. தாயும் பிள்ளையும் இரண்டு மூன்று நாள் அங்கேயே இருக்கிறார்கள். இடது கையில் பிசிஜி போடுகிறோம், வாயில் போலியோ சொட்டு ஊற்றுகிறோம். நர்ஸ் இருக்கிறார், ஊசி இருக்கிறது, பிள்ளையின் கால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தாளும், அதை இரண்டு நாளில் கொண்டுசேர்க்கும் ஆளும், விடை வந்ததும் வீட்டுக்குப் போன் செய்யும் ஒருவரும்தான் பாக்கி. விடை தெரிந்த பிறகு பாலும் மருந்தும் வேண்டும். தைராய்டுக்கு மாத்திரை போதும். வெந்தய வாடை நோய்க்கு லூசின் இல்லாத தனிப் பால்மாவு ஆயுள் முழுக்க வேண்டும், அது சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டாது. 2021இல் வந்த மத்திய அரசின் அரிய நோய்க் கொள்கை இப்போது ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய்வரை உதவி என்கிறது. அதை வாங்க முதலில் நோய்க்கு ஒரு பெயர் வேண்டும். பெயர் அந்தப் பொட்டில்தான் இருக்கிறது.

போன ஆண்டு அக்காவின் மகனுக்கு ஒரு பெண் பிறந்தது. மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்தார்கள். ஆறாம் நாள் எல்லாம் சரி என்று செய்தி வந்தது. அக்கா செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எங்கிருந்துடா வந்துது, அப்ப எங்க இருந்துது?" என்று கேட்டாள்.

உங்கள் வீட்டிலோ உறவிலோ பிறந்து பத்து நாளுக்குள் போன பிள்ளை இருந்தால், அடுத்த பிரசவத்துக்குப் போகும்போது டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். தோஷம் என்று சுருக்கிவிடாமல், எந்த நாள் பால் மறுத்தது, வாடை ஏதும் இருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளை பிழைக்காது என்று கைவிரிக்கிற நிலை வந்தாலும், அதற்கு முன் நாலு சொட்டு ரத்தத்தை ஒரு தாளில் எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த பிள்ளைக்கு அது உதவும்.